ஆட்சேபம் இல்லை

பகலில் எனக்குக் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் வேலை.
தார்ப்பாய் போட்ட லாரியை ஓரங்கட்டச் சொல்லி
நாலடிக் கம்பியால் குத்திப் பார்ப்பேன்.
வைக்கோல் என்றால் கம்பி வழுக்கிக்கொண்டு போகும்.
கோழிக்கழிவைக் கம்பிக்கு முன்பே மூக்கு சொல்லும்.
ஆஸ்பத்திரிச் சரக்கு என்றால்
உள்ளே எங்கோ கண்ணாடி கிணுங்கும்.
"எங்க ஊரென்ன உங்க குப்பைக்குழியா" என்று
மலையாளத்தில் கேட்கவும் பழகிவிட்டேன்.
ஒன்றுமில்லாத வண்டிக்குப் பதிவேட்டில்
ஆட்சேபம் இல்லை என்றெழுதிக்
கை காட்டுவேன்.

ராத்திரியில் நான்
பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பின் செயலாளர்.
ஒரு கூட்டத்துக்குப் போகாமல் இருந்தேன்,
தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

பச்சை, நீலம், சிவப்பு, மூன்று வாளி வாங்கினேன்.
மாடிப்படிக்குக் கீழே அட்டவணை ஒட்டினேன்.
மீன் செதிள் பச்சைக்கு. பால் கவர் கழுவி நீலத்துக்கு.
ஊசி, நாப்கின், காலாவதி மருந்து சிவப்புக்கு.
"கப்பத் தொலி தவிட்டு நெறமில்லா,
அதை எப்படிப் பச்சையில போட?"
என்றார் இரண்டாம் மாடி ரசலையன் சார்.
கேலியில்லை. நிஜமாகவே கேட்டார்.

ஒரு மாதம் ஒழுங்காக நடந்தது.
பிறகு பின்பக்கத்து ரப்பர் விளைக்காரர் மரியதங்கம்
ஒரு கறுப்புக் கவரோடு வந்து
எங்கள் வாசலில் உதறினார்.
பஞ்சு. ஊசி மருந்தின் காலி டப்பாக்கள்.
பெயர் இருந்த இடம் மட்டும் கிழிந்திருந்தது.
"வெள்ளிக்கு வெள்ளி விழுதுவே."

குனிந்து பார்த்து, உத்தியோகக் குரலில் சொன்னேன்:
ஆஸ்பத்திரிக் கழிவு. வடக்கேயிருந்து வந்தது.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பது
எத்தனை சௌகரியம்.
வாளி எடுக்க வரும் எப்சிபாய் மட்டும்
தலையை அண்ணாந்து
எங்கள் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

அடுத்த வெள்ளி, இரவு ஒன்றே முக்கால்.
அலுவலகக் கையுறை, டார்ச்.
ரப்பர் மரத்தடியில் நின்றேன்.
பால் வடியும் சிரட்டைகளில் மழைத்தண்ணீர்,
அதில் பிறந்த கொசு அத்தனையும் என் காலில்.

சருகின்மேல் அது விழுந்த சத்தம்
ஒரு தேங்காய் அளவுகூட இல்லை.
மேலே ஜன்னல் சாத்துவது கேட்டது.
நிமிர்வதற்குள் எல்லா ஜன்னலும் ஒன்றுபோல் இருட்டு.

இரட்டை முடிச்சு.
வால் இரண்டையும் உள்ளே செருகியிருந்தது.
அதை அவிழ்க்க எனக்கு வெளிச்சம் வேண்டாம்.
தினமும் மதியம் சாவடியில்
சோற்றுப் பாத்திரப் பையில்
இதே முடிச்சைத்தான் அவிழ்க்கிறேன்.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஃபைல்.
இரண்டு வருடம், மாதம் ஒரு முறை,
என் சாவடியைத் தாண்டித்தான் போனோம்.
தோழர்கள் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள்,
கல்யாண வீட்டுக்கு என்போம்.
கணவர் பெயர் என்ற கட்டத்தில் நான்,
ஓர் எழுத்துப் பிழையோடு.
மாத்திரை ஆறு அட்டை, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.
அடியில் காலண்டர் தாள்கள்,
சிவப்பு மையில் சுழித்த தேதிகள்.

வாளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
ஃபைலைக் கிழித்து நீலத்தில் போட்டேன்.
மாத்திரையை ஒவ்வொன்றாக அமுக்கிச் சிவப்பில்,
டப், டப், அறுபது தடவை,
அட்டை திரும்ப நீலத்தில்.
காலண்டர் தாளுக்கு
நான் ஒட்டிய அட்டவணையில் இடமில்லை.
மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

மூன்று மாடி ஏறினேன்.
லீமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
"ஆளு கிட்டிச்சா?"
"இல்ல. அந்தப் பக்கத்து வண்டியாக்கும்."

மின்விசிறி கொஞ்ச நேரம் சுற்றியது.

"ரோடு முன்னாலயில்லா இருக்கு" என்றாள்.
"ஆமா" என்றேன். "தூரமா எறியியவனாயிருக்கும்."
அவள் நகர்ந்து
பாதித் தலையணையை என் பக்கம் தள்ளினாள்.