தன்மை ஒருமை

சத்தியம் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்:
கூட்டாமல், குறைக்காமல்,
கேட்டதைக் கேட்டபடி.
ரொறன்ரோ, மனித உரிமைத் தீர்ப்பாயம், சின்ன அறை.
ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன்.
குளிர் மட்டும் அன்றைக்கு அடித்த குளிர்தான்.

மொழிபெயர்ப்பாளருக்கு முதல் விதி:
அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல்.
'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்காதே.
உனக்கென்று ஏதும் சொல்ல இருந்தால்
'மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்' என்று
உன்னைப் படர்க்கையில் வை.

பதினோரு வருடமாக
என் வாயில் குடியிருந்து போனார்கள்
அகதிகள், வாடகை பாக்கிக்காரர்,
மெஷினில் விரலை விட்டவர்.

தன்மைக்குப் பால் இல்லை, பள்ளிக்கூட இலக்கணம்.
நான் வந்தேன். நான் அழுதேன்.
ஆணா பெண்ணா, வினையைப் பார்த்துச் சொல்ல முடியாது.
ஒளிந்துகொள்ள நல்ல இடம்.

சுகிர்தா, மார்க்கத்தில்
உறைபரோட்டாத் தொழிற்சாலையில்
ஆறு வருடம் மாப்பிசைந்தவர்.
ஷிஃப்ட் அட்டவணைகளை ஃபோனில் எடுத்து வைத்திருந்தார்:
கிழமைக்கு ஐந்து நாள், ஐந்து நாள், ஐந்து,
பிறகு பஸ் ஓடாத ஒரு பனி இரவு.
"என்ர ஆள் காரில வந்து ஏத்தினவா."

ஆளுக்குப் பால் இல்லை.
'வா'வில் இருந்தது.
கண்ணாடிக்குப் பின்னால் நின்ற மேற்பார்வையாளர்
பார்த்தது இவ்வளவுதான்:
ஒருத்தி இன்னொருத்திக்குக் கையுறை மாட்டிவிட்டாள்.
அடுத்த கிழமை மூன்று நாள்.
பிறகு இரண்டு.
பிறகு, 'தேவையெண்டால் கூப்பிடுறம்.'

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்:
நான் ஒரு பெண்ணோடு வாழ்கிறேன்.
அதனால் என் வேலை போனது.
நாற்பத்திரண்டு வயதில்
அந்த முதல் வாக்கியத்தை
அன்றைக்குத்தான் உரக்கச் சொல்கிறேன்.
ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது.
குரல் பிசகவில்லை.

வக்கீல் சட்டத்தின் ஐந்தாம் பிரிவை வாசித்தார்.
இனம், வம்சம், பிறந்த இடம், நிறம்...
சுகிர்தாவின் காதருகே குனிந்து
ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டே வந்தேன்.
ஒன்பதாவது, பால்நாட்டம்.
"தமிழில அப்பிடி ஒரு சொல் இருக்கோ?"
இருக்கிறது. என் குறிப்புக் கொப்பியில்
பாரபட்சத்துக்கு ஒரு வரி கீழே.

முதலாளிக்கும் நான்தான் வாய்.
"ஓடர் குறைஞ்சு போச்சு, எனக்கு ஒருத்தரோடயும் கோபமில்லை.
அது ஒழுங்கா வேலை செய்தது, நானே சொல்லுறன்.
மற்றப் பொம்பிளையள்தான்
அதுக்குப் பக்கத்தில நிக்க விரும்பேல்ல."

கேட்டதைக் கேட்டபடி.
'இட்' என்றேன்.
'இட்' ஒழுங்காக வேலை செய்தது.
'இட்'டுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க விரும்பவில்லை.

நடுவரின் பேனை நின்றது.
எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்:
வெறும் பேச்சுவழக்கு, மொழிபெயர்ப்புப் பிழை.
எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

மொழிபெயர்ப்பாளர் விளக்க விரும்புகிறார், என்றேன்.
தமிழில் குழந்தையை அது என்பதுண்டு, கொஞ்சலாக.
கன்றுக்குட்டியை அது என்போம். கதிரையை.
வளர்ந்த ஒருவரை அப்படிச் சொன்னால்
சொல்பவரின் தொனியைப் பார்க்க வேண்டும்.
தொனியை நான் கேட்டேன் என்று
மொழிபெயர்ப்பாளர் சொல்லவில்லை.
அதற்கு அவருக்கு அதிகாரமில்லை.
கோழை, அல்லது நேர்மையானவர்.
இன்னும் முடிவு செய்யவில்லை.

இடைவேளையில் லிஃப்டடியில் சுகிர்தா
கச்சான் பாக்கெட்டை நீட்டினார்.
வாங்கக்கூடாது. வாங்கினேன்.
"நல்லாச் சொன்னனீங்கள்.
என்னைவிட நல்லா."

தீர்ப்பு வர மாதங்கள் ஆகும்.
வந்தாலும் எங்களுக்கு அனுப்ப மாட்டார்கள்.
பில்லில் எழுதினேன்:
மூன்றரை மணி நேரம், பார்க்கிங் இருபத்திரண்டு டொலர்.

மஞ்சரி கதவைத் திறந்தாள்.
"இண்டைக்கு என்ன கேஸ்?"
சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே
அந்த முதல் வாக்கியத்தை மட்டும்
ஆங்கிலத்தில் இன்னொரு தடவை சொன்னேன்.
"ஆர் சொன்னது?" என்றாள்.
அடுப்பில் பரோட்டா கருகிக்கொண்டிருந்தது.
உறைந்த பாக்கெட்தான்.
வேறு கம்பெனி.