இரண்டாம் எண் விளக்கு

மஸ்கட்டில் குளிர்காலம் என்றால்
ஏசி ரிமோட்டில் இரண்டு எண் ஏற்றுவது.
அப்போதுதான் பாலே குழுக்கள் வருகின்றன.
இந்த முறை ரீகாவிலிருந்து, அறுபத்தொரு பேர்,
முந்நூறு ஜோடிக் காலணி,
மூன்று பழைய ஆட்டம், ஒரு புதியது.

கடைசி பால்கனிக்கும் மேலே, கூரைக்குக் கீழே
ஒரு கூண்டில் நிற்பவன் நான்.
இங்கே எனக்குப் பெயர் ஸ்பாட் டூ.
ஸ்பாட் ஒன் ரோமெல், மணிலாக்காரன்,
இடைவேளையில் வேர்க்கடலை தருவான்.
குறி பார்க்க விளக்கின் முதுகில்
கொண்டை ஊசி ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.
மேடை கூட்டும்போது கிடைத்தது.
யார் கூந்தலிலிருந்து விழுந்ததோ.

பழைய ஆட்டங்கள் எனக்கு மனப்பாடம்.
வெள்ளுடையில் இருபத்து நான்கு பெண்கள்
ஒரே மூச்சாய் வந்து நிற்பார்கள்.
யாராவது சாக வேண்டும்,
இல்லாவிட்டால் கல்யாணம் ஆக வேண்டும்.
இரண்டுக்கும் வெளிச்சம் ஒன்றேதான்,
சாவுக்கு மட்டும் இளநீலக் காகிதம்.
சுழலத் தொடங்கும் முன் டைனா
இடது தோளை ஒரு நெல் அளவு இறக்குவாள்.
அந்த நெல்லைப் பார்த்துவிட்டால் போதும்,
அவள் போகுமிடத்துக்கு நான் முன்பே போய்விடுவேன்.
ஒளி பின்தங்கினால் எல்லாரும் பார்ப்பார்கள்,
சரியாக இருந்தால் ஒருவரும் பார்ப்பதில்லை.
குறையாகச் சொல்லவில்லை. சம்பளமே அதற்குத்தான்.

புதியதைச் செய்தவள் ஃபிலிபா,
ஒத்திகையில் செருப்பில்லாமல் நடப்பவள்.
மூன்றாம் நாள் கூண்டுக்கே ஏறி வந்துவிட்டாள்,
நூற்றுப் பதினெட்டுப் படி, மூச்சு வாங்க.
நடுவில் மூன்றரை நிமிடம்
மேடையில் யாரும் இருக்கமாட்டார்கள் என்றாள்.
வெளிச்சம் மட்டும்.
எங்கே போக வேண்டும் என்று கேட்டேன்.
என் கையைப் பார்த்தாள்.
"உங்களுக்குத் தெரியும்."

தெரியாது.
ரூவி போகும் பஸ்ஸில் தெரியவில்லை.
குளியலறை வரிசையில் தெரியவில்லை.
சாம்பார் வாளிக்குள் கரண்டி போகும் வழியை
வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்து
அன்வர்தீனிடம் திட்டு வாங்கினேன்.

அந்த இரவு ஹெட்செட்டில் பத்ரியாவின் குரல்:
"ஸ்பாட் டூ, தயார்.
போ."

வட்டம் தரையில் விழுந்தது.
வெறும் கறுப்பு ரப்பர் தரை,
ரோசின் பொடியின் வெள்ளைத் தடங்கள்.
ஆயிரத்துச் சொச்சம் பேர் காலியைப் பார்த்தார்கள்.
நான் அசையவில்லை. செல்லோ ஒன்று இருமியது.
பிறகு, யாரும் சொல்லாமல்,
என் இடது தோள் ஒரு நெல் இறங்கியது.

போனது வட்டம்.
ஓரத்துக்கு ஓடி, பக்கத் திரையில் ஏறப் பார்த்து, வழுக்கி,
ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கி,
இருபத்தைந்து பைசா அளவுக்குச் சுருங்கி
நடுங்கிக்கொண்டு நின்று,
திறந்ததும் மேடை முழுக்கப் பெருகி.
எண்பது கிலோ இரும்பை இடுப்பால் திருப்பினேன்,
கால் மாற்றினேன், குதிகால் தூக்கினேன்,
கூண்டுக் கம்பியில் முழங்கை இடித்தது,
ரோமெல் கடலை மெல்வதை நிறுத்திவிட்டான்.
ஓரிடத்தில் தவறினேன்,
இசைக்குழுவின் மொட்டைத் தலையொன்றில் வெளிச்சம் சிதறியது.
வேண்டுமென்றே செய்ததுபோல
அதை மறுபடி ஒருமுறை செய்தேன்.

கைதட்டல் காலி மேடைக்கு.
அதுவும் கொஞ்சம் தாமதித்து,
யாருக்கு என்று தெரியாத கைகள்.

முடிந்து இறங்கினால் தோளைத் தூக்க முடியவில்லை.
பின்பக்க வராந்தாவில் ஐஸ் வாளிகள்.
ஆட்டக்காரர்கள் பெஞ்சில் வரிசையாக
பெருவிரல் பிளாஸ்திரியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.
நானும் போய் நின்றேன், கம்பெனி டீ-ஷர்ட்டில்.
பிசியோதெரபிக்காரர் நிமிராமல்
"எந்தக் கால்?" என்றார்.
"தோள்."
டைனா என்னைப் பார்த்தாள். முதல் தடவை.
ஏசி ரிப்பேருக்கு வந்தவன் என்று நினைத்திருக்கலாம்.
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.
பெஞ்ச் ஈரமாக இருந்தது.