எண்பத்தாறு கிலோ

கிர்னார் அடிவாரத்தில் தராசு உண்டு.
அம்பாவைப் பார்க்கும் முன்
எங்களைப் பார்க்க வேண்டும்,
எங்களைப் பார்க்கும் முன்
முள்ளைப் பார்க்க வேண்டும்.
டோலிக்குக் கூலி கிலோக் கணக்கு.

விடிகாலை மூன்றரைக்கு
ரமிளாபென் ஏறி நின்றார்.
மோர்பியில் டைல்ஸ் கம்பெனிக்குக்
கணக்கு எழுதுகிறவராம்.
முள் ஆடி ஆடி எண்பத்தாறில் நின்றது.
வஜ்சூருக்குக் குரல் பெரிது.
சொன்னது டீக்கடை வரை கேட்டது.
வரிசையில் நின்றவர்கள்
அந்த எண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள்.
அவர் தலைப்பை இழுத்துப்
போர்த்திக்கொண்டார்.
எண்ணை எதால் மூட?

முன்தோள் வஜ்சூர்.
பின்தோள் நான்.
பின்தோள்காரனுக்கு மலை தெரியாது.
தெரிவது ஒரு கொண்டை,
அதில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்,
கிளிப்பில் ஒரு பல் இல்லை.
படிகளை உள்ளங்கால் படிக்கும்:
இது மழையில் சாய்ந்தது,
இது யாரோ செத்த தகப்பனுக்குப் பேர் வெட்டியது,
இதில் நாய் படுத்திருக்கும், விலகு.
இறங்குகிறவர்கள் "ஜெய் கிர்னாரி" என்றால்
மூச்சு மிச்சம் இருக்கும்போது திருப்பிச் சொல்வோம்.
இல்லாதபோது ஊன்றுகோல் சொல்லும்,
டக்கென்று.

இரண்டாயிரத்து நூறு என்று
பாறையில் மஞ்சள் பெயின்ட்.
"இறக்குங்க" என்றார்.
தண்ணீருக்கு என்று நினைத்தோம்.
செருப்பைக் கழற்றிப் பலகையில் வைத்தார்.
"இனி நடக்கிறேன்."

பாதிக் கூலி போச்சு என்று
வயிறு முதலில் சொன்னது.
பேசினது பேசினதுதான் பென், என்றான் வஜ்சூர்.
கணக்குக்காரர் கேட்டார்:
"ஆளில்லாத டோலி எத்தனை கிலோ?"
இத்தனை வருஷத்தில்
யாரும் கேட்டதில்லை.
கம்பு, கயிறு, பலகை,
பதினெட்டு இருக்கும் என்றேன்.
இருபது சொல்லியிருக்கலாம்.
"கூலி முழுசா உண்டு. பின்னாலேயே வாங்க."

வெறும் டோலி லேசு என்பான்
தூக்காதவன்.
பாரம் காலைப் படியில் ஊன்றும்.
வெறுமை ஆடும், முழங்காலில் இடிக்கும்.
அதையும் விடக் கஷ்டம் அவர் நடை.
நாலு படி. நிற்பார்.
பக்கச் சுவரில் கை வைத்து
அதனிடம் ஏதோ கேட்பார்.
மூன்று படி.
எங்கள் ஓட்டம் எங்கள் ஆடுசதையிலேயே
தேங்கிக் கடுத்தது.
எதிரே இறங்கிய பாகு சிரித்தான்:
"என்னடா, செருப்புக்கு நேர்த்திக்கடனா?"

வெயில் ஏறியதும் தலைக்கு மேல்
கேபிள் கார் பெட்டிகள் போகத் தொடங்கின,
எட்டு எட்டுப் பேராக,
யாரையும் நிறுக்காமல்.
ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை நசுக்கிப் பார்த்தது:
ஒரு பெண் நடக்கிறார்,
இரண்டு ஆம்பிளைகள்
ஒரு ஜோடிச் செருப்பைச் சுமந்து வருகிறார்கள்.

சமணக் கோயில் மதிலருகே உட்கார்ந்துவிட்டார்.
முகமெல்லாம் ஈரம். வேர்வைதான்.
வேர்வை மட்டும்தானா, தெரியாது.
குரல் பெரிய வஜ்சூர்
குரலைத் தேடி எடுத்துச் சின்னதாக்கி,
"ஏறிக்கோங்க பென்,
அம்பா ஒன்றும் சொல்லமாட்டாள்" என்றான்.

"அவள் சொல்லமாட்டாள்.
நீதான் சொன்னாய்,
டீக்கடை வரைக்கும்."

அதற்கப்புறம் அவன் பேசவில்லை.
ஆயிரத்துச் சொச்சம் படி.
செருப்பு நழுவியபோது மட்டும் நின்று,
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்
கயிற்றால் கட்டினான்.
இடது குதி தேய்ந்திருந்தது.

சந்நிதியில் இரண்டே நிமிஷம்.
அதற்குத்தானா என்று எனக்குத் தோன்றியது.
வெளியே வந்து
தேங்காய்ச் சில்லும் கற்கண்டும்
அள்ளி வைத்தார் எங்கள் கையில்.

இறக்கத்துக்கு, நாங்கள் கேட்கும் முன்பே
ஏறி உட்கார்ந்தார்.
முட்டி இறங்கும்போதுதான் பழி வாங்கும்,
தெரிந்து வைத்திருந்தார்.
திரும்பவும் அந்தக் கொண்டை, அந்தக் கிளிப்.
தோளில் எண்பத்தாறு வந்து
சரியாக உட்கார்ந்தது.

கீழே பணத்தை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார்.
பிறகு, யாரும் சொல்லாமல்,
தராசில் ஏறினார்.
முள் ஆடியது.
எல்லோரும் வஜ்சூரின் வாயைப் பார்த்தார்கள்.
அவன் துண்டை உதறினான்,
மடித்தான், மறுபடி உதறினான்.

அவரேதான் சொன்னார், சத்தமாக:
"எண்பத்தாறு. குறையவே இல்லை."

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு
இன்னொரு கிளாஸைக் கழுவினார்.