எதிரே வந்தவள்

“சத்தமே இருக்காது மேடம்”
என்று சாவியைத் தந்தான்
செக்காலை ரோட்டு ஷோரூம் பையன்,
மைலேஜுக்கு அடுத்த பெருமையாக.
உண்மைதான்.
விடிகாலை ஐந்தரைக்கு
கழனிவாசலில் ஒரு நாயும் எழவில்லை.

பழைய வண்டி இருமிக்கொண்டே போகும்.
அந்த இருமலுக்கு
நடுரோட்டில் படுத்த மாடு வாலை மடக்கும்,
பால்கேன் கழுவுகிறவள் ஓரடி பின்னால் நகர்வாள்,
தலையைத் திருப்பாமலே.
இந்த ஊர்
காதால் தெருவைக் கடக்கிற ஊர்.
இதை வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

என் வேலை ரத்தம் எடுப்பது.
வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள்
எல்லோருமே கோபக்காரர்கள்.
கால்களுக்கு நடுவே ஐஸ் பெட்டி,
அதற்குள்
வள்ளியப்பன் சாரின் மூன்று மாதச் சர்க்கரை,
தெய்வானையின் தைராய்டு,
பெயர் எழுதும்போது பேனா மக்கர் செய்த
இன்னொரு குழாய்.
எட்டு மணிக்குள் லேபில் சேர்க்க வேண்டும்.
சார்ஜ் பதினொன்று சதவீதம், சிவப்பில்.
அவசரம் என்றால்
வலது மணிக்கட்டுக்குத்தான் முதலில் தெரிகிறது.
லேசாய் முறுக்கினால் போதும்,
யோசிக்க நேரம் தராமல் பாய்கிறது வண்டி.

இங்கே வீட்டின் முகப்பு ஒரு தெருவில்,
பின்கட்டு இன்னொரு தெருவில்.
குறுக்குச் சந்துகளில் இரண்டு பக்கமும்
சுவர், சுவர், சுவர்,
பிறகு திடீரென்று ஒரு கதவு.
கதவுக்குள்ளிருந்து திடீரென்று ஒரு மனிதர்:
வாளியோடு, குப்பையோடு, போனோடு,
வெறும் கொட்டாவியோடு.
இருபதைத் தாண்டாதே என்று
நானே எனக்குச் சொல்லியிருக்கிறேன்.
அன்று முப்பத்தெட்டு.

முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் திரும்பினேன்.
எதிரே ஒருத்தி வந்தாள்.
என் கோட்டிலேயே,
என் வேகத்தில்,
கொஞ்சமும் சத்தமில்லாமல்.
அவள் காலடியிலும் ஒரு பெட்டி.
ஹெல்மெட் இருந்தது, பட்டை போடவில்லை.
அறுந்த பல்லிவால் மாதிரி
காதோரம் ஆடிக்கொண்டிருந்தது.
‘அறிவிருக்கா இவளுக்கு’
வாய்வரை வந்துவிட்டது எனக்கு.

நான் ஒதுங்கிய பக்கமே அவளும் ஒதுங்கினாள்.
இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன்.
மணலில் பின்சக்கரம் ஒரு முழம்
இழுத்துக்கொண்டு போய் நின்றது.
குழாய்கள் ஒன்றோடொன்று கிணுங்கின.
அவள் மூக்குக்கும் என் மூக்குக்கும்
நாலு சாண்.
அப்புறம் அவளுக்குக் கீழே
நாலு மனிதக் கால்கள் தெரிந்தன.

“யாரும்மா? வர்றதே தெரியலையே”
என்றார் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அடைக்கலம்.
மறுமுனையில் சாகுல் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் விரல்கள் வெளுத்திருந்தன.
ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி,
ஏதோ ஒரு பின்கதவிலிருந்து
கடைக்குப் போகிறது.
ஓரத்தில் ரசம் போன இடத்தில்
எனக்குத் தோள் இல்லை.

ஹாரன் அடித்திருக்கலாம்.
விடிகாலையில் திட்டுவார்களே என்று
அடிக்கவில்லை.
திட்டு வாங்கியிருக்கலாம்.

“நில்லு, போயிடுறோம்.”
சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு நின்றேன்.
நிற்கிறதா ஓடுகிறதா என்றே தெரியாத வண்டி,
கை தவறிப் பட்டால் கிளம்பிவிடும்.
கண்ணாடி மெல்ல நகர்ந்தது.
அதில் சுவர் போனது, மின்கம்பம் போனது,
ஒரு துண்டு வானம் போனது,
கடைசியாக நான் போனேன்,
தாடைக்குக் கீழே பட்டையைத் தேடும் விரல்களோடு.

கிளிக்.
அன்று காலை வேண்டுமென்றே நான் போட்ட
முதல் சத்தம்.

எட்டு ஐந்துக்கு லேப். லேட் என்று எழுதினார்கள்.
சார்ஜ் நாலு.

இப்போதெல்லாம் சந்து முனையில்
ஹாரனைத் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டு.
அதற்கும் மனசு வராத தெருக்களில்
வாயாலேயே சொல்கிறேன்:
“வண்டி வருது, வண்டி வருது.”
வாளியோடு வந்த ஒருவர் நேற்று
“எங்கே?” என்று கேட்டார்,
என் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே.