ஒத்திகை

அரவேனுவில் போஜ கவுடர் காட்டிய வீட்டில்
இரண்டு அறை, தகரம் வேய்ந்த சமையற்கட்டு,
பின்னால் மலையை வெட்டி எழுப்பிய
பத்தடித் தடுப்புச்சுவர்.
பத்தொன்பது லட்சம்.
சன்னலுக்கு வெளியே தெரியும் தேயிலைக்கு
காசு சேர்க்கவில்லை என்றார்.
சேர்த்திருந்தார்.

வங்கி பதினான்கு தரும்.
மேலாளர் கணினியை எங்கள் பக்கம் திருப்பி
"உங்களுக்குத் தகுதி இருக்கு மேடம்" என்றபோது
மேசைக்கடியில் சில்வெஸ்டர் என் கையை அழுத்தினான்.
ஒப்பந்த நர்ஸிடம்
ஒன்பது வருடமாக யாரும் சொல்லாத சொல் அது.

மாதம் பன்னிரண்டாயிரத்து அறுநூறு, இருபது வருடம்.
கட்டி முடிக்கையில் எனக்கு ஐம்பத்துநான்கு.
அவனுடைய பிக்கப்
எந்த இரும்புக்கடையில் கிடக்குமோ.

இரவுப் பணியில் சலைன் சொட்டுகளுக்கு நடுவே
மாத்திரை அட்டையின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
ஒத்திக்குக் கொடுத்த மூன்று லட்சம் திரும்பும்,
அடுத்த ஆள் வந்த பிறகு, என்கிறார் வீட்டுக்காரர்.
சீட்டு ஒன்று.
என் சங்கிலி, அவன் மோதிரம், பிரின்ஸியின் கொலுசு வரை
அடித்து எழுதி அடித்து
விடியும்போது எல்லாம் ஒரு வரிசைக்கு வந்துவிட்டன.
பத்திரச் செலவுக்கு மட்டும்
அட்டையில் இடமில்லை.

"வாங்கிட்டதா நினைச்சு கட்டிப் பார்ப்போமா?"
"யாருக்கு?"
"நமக்கேதான்."
ஒத்தி வீட்டில் இருந்துகொண்டு ஓர் ஒத்திகை.

மே மாதம் கட்டினோம்.
தபால் நிலையத்தில் முத்திரை விழுந்த சத்தம்
சொந்தக் கதவைச் சாத்துவது போலக் கேட்டது.
அன்றே பிரின்ஸி தன் அறைக்கு மஞ்சள் என்று
முடிவு செய்துவிட்டாள்.
ஜூனிலும் கட்டினோம்.
ஜூலையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து
ஒன்பது நாள் லோடு இல்லை,
மண்டியில் கேரட் மூட்டை மூட்டையாய் அழுகியது.
கட்டினோம், ரசமும் அப்பளமுமாக.
ஆகஸ்டில் கிளட்ச் போனது.
ஆகஸ்டுக்கு முத்திரை இல்லை.
செப்டம்பரில் எட்டாயிரம்தான்,
மிச்சத்தைக் காலண்டரில் எழுதி வைத்தான் சில்வெஸ்டர்
கடன்காரன் யாரென்று தெரியாமல்.
அக்டோபர் முழுசு.
எப்படி என்று கேட்காதீர்கள்,
சங்கிலி எங்கே என்று அம்மா கேட்டபோது
கழற்றி வைத்திருக்கிறேன் என்றேன்.

வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.
மழை பிடித்த மூன்றாம் நாள்
குணராஜா மேஸ்திரிக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து
மறுபடி அங்கே கூட்டிப்போனேன்.
அவர் அறைகளுக்குள் போகவேயில்லை.
குடையை என்னிடம் கொடுத்துவிட்டு
தடுப்புச்சுவர் நெடுக விரலால் எதையோ தேடினார்.
"சொட்டுக்கூட இல்லாம காய்ஞ்சிருக்கு பாருங்க" என்றார்.
நல்லதுதானே என்றேன்.
"மலைத் தண்ணிக்கு வெளிய வர ஓட்டையே வைக்கலைங்க.
உள்ள முட்டிக்கிட்டு நிக்குது.
இன்னிக்கு நிக்குது."

பஸ்ஸில் கைப்பையைத் துழாவி அட்டையை எடுத்தேன்.
வரவும் தவணையும்
நூல் நுழைய இடைவெளியின்றி ஒட்டியிருந்தன.
அத்தனை அழகாகப் போட்டிருந்தேன்.

கவுடருக்குப் போன் செய்தேன்.
"இந்த வருஷம் இல்லைங்க."
"வேற ஆள் கேட்டா கொடுத்துடுவேன்மா."
"கொடுங்க" என்பதற்குள்
தொண்டையை இரண்டு முறை செருமவேண்டி வந்தது.

சில்வெஸ்டர் இரண்டு நாள் பேசவில்லை.
கொட்டும் மழையில் பிக்கப்பைக் கழுவினான்.
மூன்றாம் நாள் இரவு
பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டே சொன்னான்:
"ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு.
ஒரு கதவும் ஒன்றரைச் சன்னலும் வாங்கலாம்."

அந்த அரைச் சன்னல்
எந்தப் பக்கம் என்று கேட்டேன்.