ஐந்து பவுண்டு

துபாயிலிருந்து கண்டெய்னரில் வந்த வண்டி.
பிஸ்டன் கிடையாது. வால்வு கிடையாது.
வயிறு உப்பிய முக்கோணங்கள் இரண்டு
முட்டை ஓட்டுக்குள் உரசிக்கொண்டே சுற்றும்.
"இதுக்கு டர்போ போடணும்க்கா" என்றார் நெய்னா மீரான்,
சாவியை நீட்டி, விடாமல் பிடித்தபடி.

என் பட்டறை கீழக்கரையில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்.
விசைப்படகு எஞ்சின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன்.
டர்போவும் புதிதில்லை,
மண்டபத்துப் படகுகளில் எத்தனையோ மாற்றியாயிற்று.
ஆனால் ஒன்பதாயிரம் சுற்றுக்கு ஏறும் ஒன்றை
இரண்டு நாள் பானட்டைத் திறந்துவைத்து
தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை அது தன் இழுப்பில் மூச்சு வாங்கியது,
வெளியே எவ்வளவு காற்றோ அவ்வளவு.
வாடை வீசும் விடியலில் கொஞ்சம் கூடுதல்,
சித்திரை மதியத்தில் கொஞ்சம் சோர்வு.
டர்போ வேறு மாதிரி.
வெளியேறும் மூச்சை மறித்து, அதிலேயே விசிறி சுற்றி,
உள்ளே போகும் மூச்சைத் திணிக்கும்.
நெய்னாவுக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தபோது
மடியில் ஸ்பானர் தட்டோடு இருந்த என் தம்பி கஸ்பார்
"கம்ப்ரசர்" என்றான்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் சங்கு குளித்தவன்.
முதலில் வெறும் மூச்சு: எட்டுப் பாகம் இறங்கு,
மேலே வா, இருமு, மறுபடி இறங்கு.
பிறகு வள்ளத்தில் கம்ப்ரசர் வந்தது, வாய்க்கு மஞ்சள் குழாய் வந்தது.
பதினைந்து பாகத்தில் ஒரு மணி நேரம் இருக்கலாம்
என்றார் முதலாளி.
இருந்தான்.
பத்து வருஷமாக வலது கால்
அவன் பேச்சைக் கேட்பதில்லை.

உப்புக்காற்று தின்ற போல்ட்டுகளில் மூன்று தலை முறிந்தன.
மேனிபோல்டைத் துருப்பிடிக்காத குழாயில் வளைத்து
நானே பற்றவைத்தேன், நாலாவது முறைதான் கசியாமல் நின்றது.
ஆயில் திரும்பும் குழாய்க்குச் சரிவு போதவில்லை,
அதற்கே ஒரு வெள்ளிக்கிழமை போயிற்று.
மதுரையிலிருந்து லேப்டாப்போடு வந்த பையன்
பெட்ரோல் கணக்கை மாற்றி எழுதினான்.
போகும்போது தன் நகத்தைக் காட்டிச் சொன்னான்:
"முக்கோணத்து நுனியில இருக்கிற சீல் இவ்வளவுதான்.
அழுத்தத்துல ஒரு தடவை எஞ்சின் தட்டுச்சுன்னா
தூள்."

நெய்னாவுக்கு ஏழு பவுண்டு வேண்டும்.
ரியாத்திலிருக்கும் மச்சான் ஏழு போட்டிருக்கிறாராம்.
"ஆகட்டும்" என்றேன்.
அன்றிரவு ஐந்துக்கான ஸ்பிரிங்கைப் போட்டேன்.
மீட்டரின் கண்ணாடியைக் கழற்றி
முள்ளை இரண்டு கோடு தள்ளி அழுத்தினேன்.
நின்ற வண்டியிலும் இனி அது பூஜ்யத்தில் நிற்காது.
நிற்கிற வண்டியில் யார் மீட்டர் பார்க்கிறார்கள்?

சுபுஹு தொழுகை முடிந்து புறப்பட்டோம்.
ஏர்வாடி தாண்டி, சாயல்குடிப் பக்கம் நேர் ரோடு.
ஓரமெல்லாம் கருவேலம், அப்பால் வெளுத்த உப்புப் பாத்தி.
நாலாயிரம் வரை பழைய வண்டிதான்.
அதன்பின் பானட்டுக்குள் யாரோ சீட்டியடித்தார்கள்,
முதுகு சீட்டுக்குள் போயிற்று,
ஆடு மேய்த்தவர் வாய்திறந்தது தெரிந்தது, மூடியது தெரியவில்லை.
நெய்னா காலை எடுத்ததும் 'புஸ்ஸ்' என்று
தலைதூக்கிய ஓங்கில் மாதிரி மூச்சு விட்டது.
"ஏழு! ஏழு தொட்டுருச்சு!"
ஸ்டியரிங்கை முத்தமிட்டார்.

பின்சீட்டில் கஸ்பார்
வலது காலை முன்சீட்டில் ஊன்றியிருந்தான்.
அவனாக ஊன்றினானா, வண்டி தூக்கி வைத்ததா,
கேட்கவில்லை.

சாயங்காலம் ரூபாயை எண்ணிக் கொடுத்தான்.
"காசு ஏழுக்கா, அஞ்சுக்கா?"
எப்போது பார்த்தானோ.
ஏழின் ஸ்பிரிங் ஆணி டப்பாவில் கிடக்கிறது.
டப்பாவைக் காலால் மேசைக்கடியில் தள்ளிவிட்டு
அடுத்த படகின் ஹெட்டைத் திறக்கப் போனேன்.