ஐம்பதுக்குச் சற்றுக் கீழே

நவம்பரில் எவரும் ஐம்பதைத் தொடவில்லை.
ஒருவர் நாற்பத்தொன்பது புள்ளி நான்கு,
மற்றவர் நாற்பத்தெட்டு புள்ளி ஐந்து.
மிச்சத்தை வழித்துக்கொண்டு போன மூன்றாமவரின் பெயரை
எங்கள் கவுண்டியில் தப்பில்லாமல் உச்சரிக்கத் தெரிந்தவர்
ஹோய்ட் கிரிம்ஸ்லி ஒருவர்தான்.

ஆகவே, மறுபடியும்.
வான்கோழி எலும்பு குப்பை லாரி ஏறுமுன்பே
தொலைபேசி தொடங்கிவிட்டது.
ஓஹியோவிலிருந்து ஒரு பெண்,
ஓரிகனிலிருந்து ஒரு பையன்,
பெயர் சொல்லி என்னை நலம் விசாரித்தார்கள்.
பெற்ற மகன் அந்த வாரம் கூப்பிடவில்லை.

தொலைக்காட்சியில் மாறி மாறி இரண்டு விளம்பரம்.
இரண்டிலும் சட்டைக்கையை மடித்துவிட்டவர் நடக்கிறார்,
இரண்டிலும் பின்னால் அதே பூட்டிய கதவு.
எங்கள் மருத்துவமனை.
பிரசவ வார்டு ஜன்னலில்
குழந்தையைத் தூக்கிப் பறக்கும் நாரைப் படம்
இன்னும் உரியவில்லை.
ஒருவர் இடமிருந்து வலம் போகிறார்,
மற்றவர் வலமிருந்து இடம்.

டிசம்பர். செவ்வாய். தெற்கு ஜார்ஜியாவின் நசநச மழை.
பெத்தேல் தேவாலயத்தின் விருந்துக்கூடத்தில்
நாடகத்துக்குப் போட்டிருந்த தொழுவத்தை ஓரந்தள்ளி
ஐந்து இயந்திரங்களை நிறுத்தினோம்.
அட்டை ஒட்டகம். வைக்கோல்.
முழங்கால் மட்டும் வர்ணம் கண்ட யோசேப்பு.
சாவடி மேலாளர் வெர்னீஸ் டூலி
ஞானிகள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.
"கையில் பரிசோடு வாக்குச்சாவடிக்குள் நிற்கிறார்கள்.
யாராவது புகார் கொடுத்தால்?"
மேசைவிரிப்பு ஒன்றை உதறி மூன்று பேரையும் போர்த்தினாள்.
மரியாளை விட்டுவிட்டாள்.

வெர்னீஸின் மருமகள் போன கோடையில்
காரின் பின்சீட்டில் பெற்றாள்.
அடுத்த கவுண்டி மருத்துவமனைக்கு முப்பத்தெட்டு மைல்;
பிள்ளை இருபத்தாறாவது மைலில் வந்துவிட்டது.
இதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏழு மணிக்கு முதல் சீட்டு அவளுடையது.
ஸ்டிக்கர் வேண்டாம் என்றாள்.

பிறகு கோழி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள்,
ரப்பர் பூட்ஸோடு, கண் சிவந்து.
பிறகு ஒருமணி நேரம் யாருமில்லை.
ஒட்டகத்தின் வால் ஒருமுறை கழன்று விழுந்தது.

மூன்றேகாலுக்கு ஹோய்ட்.
"என் ஆள் இதில் இல்லையே?"
"இல்லை."
"தெரியும். சும்மா கேட்டேன்."
திரையில் இரண்டே பெயர்.
அதன் முன்னால் பதினொரு நிமிடம் நின்றார்,
பீக்கன் மூட்டையில் புழுக்கொட்டை தேடுகிறவர்போல.
சீட்டை இயந்திரம் விழுங்கிற்று,
நானூற்றுப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆனது.
பீச் பழம் அச்சிட்ட ஸ்டிக்கரைக் கொடுத்தேன்.
இந்த மாதத்தில் மாநிலம் முழுக்க
வேறெங்கும் அந்தப் பழம் கிடையாது.
வெளியே போய் லாரியில் இருந்த நாயின் நெற்றியில் ஒட்டினார்.

இரவு ஏழுக்குக் கதவடைத்தோம்.
மளிகைக்கடை ரசீதுபோல நாடா சுருண்டு வந்தது.
முந்நூற்றேழு. முந்நூற்று மூன்று.
கூட்டினால் அறுநூற்றுப் பத்து.
விழுந்த சீட்டோ அறுநூற்றுப் பதினொன்று.

ஒன்று வெற்று.
மழையில் வந்து, அடையாள அட்டை காட்டி, கையெழுத்திட்டு,
யாரோ ஒருவர்
ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறார்.

"ஹோய்ட்தான், வேறு யார்!"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
வெர்னீஸ் மூன்று பிரதியிலும் கையெழுத்திட்டாள்,
பேனாவை மூடினாள்,
ஞானிகள் மேலிருந்த விரிப்பை எடுத்து
நாலாக மடித்தாள்.
நான் கேட்கவில்லை.
திரைக்கு இரு பக்கமும் மறைப்பு வைத்திருப்பது
வேறெதற்கு?

முத்திரையிட்ட பை என் மடியில்.
கவுண்டி அலுவலகம் போகும் வழியில் மருத்துவமனை.
வானொலியில் அட்லாண்டா இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது,
நூலிழை, நூலிழை என்று.
அந்த வாசலருகே வெர்னீஸ் வேகத்தைக் குறைத்து
திரும்பப்போகிறவள்போல இண்டிகேட்டரைப் போட்டாள்.
டிக், டிக், டிக்.

பிறகு அணைத்துவிட்டு
நேராக ஓட்டினாள்.